அண்ணை அனுப்பிய வால்வு அம்ப்

என் தம்பி டினேசுக்கு வாய் நீளம். குருநகர் முழுக்கத் தெரிந்த விசயம் அது. எனக்கும் நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் ஆளை முன்னால் இருத்தி வைத்துப் பேசுவேன், பேசி முடிந்ததும் சோறு போட்டுக் கொடுப்பேன். அவன் செய்தது அப்படியில்லை. ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் மூத்த அண்ணை பிலிப்புக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினான்.

"உனக்கு வேண்டாத பழுதைத்தானே எனக்குத் தள்ளி விட்டிருக்கிறாய். குப்பை போட அங்கை இடமில்லையோ?"

வாய் திறந்த நாளிலிருந்து அண்ணையை 'நீங்கள்' என்று கதைத்தவன். அன்றைக்கு 'நீ' போட்டான். அனுப்பின பிறகுதான் எனக்குப் போட்டுக் காட்டினான், ஏதோ பெரிய வீரம் செய்தவன் மாதிரி. அதை அழியடா என்று கத்தினேன். அதற்குள் இரண்டு கோடும் நீலமாகிவிட்டன. அண்ணை கேட்டுவிட்டார். பதில் வரவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கிற்றார் அம்ப், கிற்றாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி. இந்தக் காலத்துச் சின்னப் பெட்டியில்லை, வால்வு அம்ப். உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் வரிசையாக நிற்கும். கரண்ட் கொடுத்தால் அவை சூடேறிச் சிவக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். தூக்குவதென்றால் இரண்டு ஆள் வேண்டும். அண்ணை ஊரில் இருந்த காலத்தில் கோயில் பாட்டுக்குழுவில் கிற்றார் வாசித்தவர். கனடா போயும் விடவில்லை. அங்கே ஆசைப்பட்டு வாங்கினதுதான் இந்த அம்ப். சனி ஞாயிறுகளில் தமிழ்ப் பொடியளோடு சேர்ந்து கலியாண வீடுகளில் வாசிப்பார். வீடியோவில் கதைக்கும்போது அவருக்குப் பின்னால் அது நிற்கும், மேலே ஒரு பூப்போட்ட துணி விரித்து, அதற்கு மேலே மாதாவின் சுருவம் வைத்து. அவர் கலியாணம் கட்டவில்லை. எங்களைக் கரைசேர்த்து முடிய வயது போய்விட்டது. கூட இருக்கிற பொடியளைக்கூட அந்த அம்பைத் தொட விடமாட்டாராம்.

அப்படிப்பட்டதை ஒருநாள் டினேசுக்கு அனுப்பப்போகிறேன் என்றார். டினேஸ் துள்ளிக் குதித்தான். அவனும் இப்போது அதே கோயில் குழுவில்தான் வாசிக்கிறான். ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கனடாவிலிருந்து வருகிற பெட்டியைப் பார்த்து ஏன் வந்தாய் என்று யார் கேட்கிறது?

கப்பலில் வந்த பெரிய காட்போட் பெட்டிக்குள், சவர்க்காரம், சொக்கிளேற், குளிருக்குப் போடுகிற சட்டைகளுக்கு நடுவே அம்ப் இருந்தது. ஒரு கீறல் இல்லை. நாலு மூலையும் பஞ்சு வைத்துச் சுற்றியிருந்தார். பின்பக்கத்தில் ஓரிடத்தில் வயர் சுற்றுகிற கறுப்பு ரேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. டினேஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏதோ ஓட்டை போலிருக்கு என்று விட்டுவிட்டான்.

கனடாச் சாமான் வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் செய்கிற காரியம் ஸ்ரெப் டவுன் பெட்டியைத் தேடுவதுதான். அங்கத்தைக் கரண்ட் எங்களுடையதில் பாதி. நேரே சொருகினால் சாமான் எரிந்துபோகும். பக்கத்து வீட்டு றொசாந்தியின் கோப்பி மெஷின் வந்த அன்றைக்கே படாரென்று வெடித்து, குசினி முழுக்கப் புகை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு அந்த இரும்புப் பெட்டி வந்துவிட்டது. சுவரிலிருந்து வருகிற கரண்டை அது பாதியாக்கிக் கொடுக்கும். அதனிடம் ஞானஸ்நானம் வாங்காமல் ஒரு கனடாச் சாமானும் எங்கள் தெருவில் வேலை செய்ததில்லை. டினேசும் றொசாந்தியிடம் போய்ப் பெட்டியை வாங்கிவந்து, அதற்குள் அம்பைச் சொருகினான்.

சத்தம் வரவில்லை. கனநேரம் காத்திருந்த பிறகு வந்தது, தலையணைக்குள் வாயை வைத்துக் கதைக்கிற மாதிரி. வொலியூமை முழுக்கத் திருப்பினான். அப்போதும் அதே முனகல்தான். என்னுடைய தையல் மெசினின் சத்தம் அதைவிடப் பெரிது.

டினேஸ் சும்மா இருக்கிற ஆளில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் வயரை மாற்றினான். பிறகு வேறு கிற்றார் கொண்டுவந்து பார்த்தான். வொலியூம் திருகியின் உள்ளே ஊத்தை பிடித்திருந்தால் இப்படி வருமென்று யூரியூப்பில் ஒருவன் சொன்னானாம், அதற்கொரு மருந்து வாங்கி அடித்துத் துடைத்தான். வயர் போகிற ஓட்டைகளையும் துடைத்தான். ஸ்பீக்கரைக் கழற்றி ரோச் பற்றரியை வைத்துத் தட்டிப் பார்த்தான், அது டொக்கென்று நன்றாகத்தான் கதைத்தது. வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான், பென்சிலால் தட்டினான். கடற்காத்து உப்பு ஏறியிருக்கும் என்றார் என் மனுசன் சுபாஸ். அவருக்குத் தடிமன் வந்து மூக்கு ஓடினாலும் கடற்காத்துத்தான். பாட்டுக்குழுப் பொடியள் அந்த அம்புக்கு மௌனச் சாமியார் என்று பெயர் வைத்தார்கள். கோயில் பெருநாள் பின்னேர நிகழ்ச்சிக்கு அதைத்தான் கொண்டுவருவேன் என்று டினேஸ் எல்லாரிடமும் பீத்தியிருந்தான். சிரிப்பார்கள்தானே.

கடைசியில் சுபாசும் அவனும் ஒரு ஓட்டோவில் அம்பையும் ஸ்ரெப் டவுனையும் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனார்கள். அங்கே சீவரத்தினம் என்று ஒருவர் பழைய றேடியோ, அம்ப் எல்லாம் திருத்துகிறவர், வால்வுகளோடு பழகின கை. அவர் பின் பலகையைக் கழற்றி மீற்றரை வைத்துப் பார்த்தாராம். வால்வு சிவக்க ஆறு வோல்ற் வரவேண்டிய இடத்தில் மூன்றுதான் வருகிறது என்றாராம். கனடாச் சாமானோ, ஸ்ரெப் டவுனில்தானே போட்டீர்கள் என்று கேட்டாராம். இவர்கள் இரண்டு பேரும் ஓம், ஓம் என்று தலையாட்டி, கையோடு கொண்டுபோன பெட்டியையும் காட்டியிருக்கிறார்கள். அவர் அதற்குள் சொருகித்தான் சோதித்ததே. அப்படியென்றால் அம்புக்குள் இருக்கிற பெரிய ரான்ஸ்போமர் செத்துவிட்டது, இங்கே அது எடுக்க ஏலாது, கப்பலேறுவதற்கு முன்பே போயிருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரில் பிழையில்லை. இவர்கள் சொன்னதை வைத்துத்தானே அவர் சொல்ல ஏலும்.

அந்தக் 'கப்பலேறுவதற்கு முன்பே' என்ற பேச்சுத்தான் டினேசைக் கொளுத்தியது. சாவகச்சேரியிலிருந்து வருகிற வழியிலேயே, ஓட்டோவுக்குள் இருந்தபடியே அந்தக் குரல் செய்தியை அனுப்பினான். பக்கத்தில் இருந்த என் மனுசன் தடுக்கவில்லையா என்று கேட்டீர்களானால், அவர் நித்திரையாம்.

அண்ணையிடமிருந்து ஒரு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. அவர் கோயில் பெருநாளுக்கு வருவதாக முன்னமே ரிக்கெற் போட்டிருந்தார். இருபது வருசத்துக்கு மேலாகிறது அவர் இந்த மண்ணை மிதித்து. அம்மாவின் சாவீட்டுக்குக்கூட விசா இல்லாமல் வர முடியவில்லை. நான் அம்மாவின் அறைக்கு வெள்ளை அடித்து, புது மெத்தை போட்டு, ஜன்னலுக்குச் சீலை தைத்து வைத்திருந்தேன். பொறுக்க ஏலாமல் நானே அழைத்தேன். வருகிறேன்தான் என்றார். ஆனால் பட்டணத்தில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறாராம். உங்களுக்கு ஏன் கரைச்சல் என்றார்.

கூடப்பிறந்தவர்கள் குருநகரில் இருக்க, அவர் ஹோட்டலில் படுக்கிறதா? ஊர் என்ன சொல்லும் என்பது கிடக்கட்டும். இந்த முறை இந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் போனால் அவர் பிறகு வரவே மாட்டார். அது எனக்குத் தெரியும், அண்ணையை எனக்குத் தெரியும். டினேசிடம் மன்னிப்புக் கேளடா என்று கெஞ்சினேன், பேசினேன், இரண்டு நாள் சோறும் போடவில்லை. நான் என்ன பொய்யா சொன்னேன், பழுதை அனுப்பினது உண்மைதானே என்று நின்றான். அவன் பக்கமும் ஒரு நோவு இருந்தது. அண்ணை தன்னை ஒரு பொருட்டாக நினைத்திருந்தால் வேலை செய்கிறதோ என்று ஒரு தரம் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார் என்றான்.

அண்ணை வந்த மறுநாள் காலமை நானே ஓட்டோ பிடித்து ஹோட்டலுக்குப் போனேன். ஆளைக் கண்டதும் அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்த வெயிலுக்குள்ளும் நீளக் கைச் சட்டை. அம்மா இருந்திருந்தால் உங்களை இங்கே படுக்க விட்டிருப்பாவோ என்று கேட்டேன்.

"குப்பை அனுப்பின ஆளெல்லே நான்" என்றார், சிரித்துக்கொண்டுதான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறேன், சாப்பிட்டதும் திரும்பிவிடுவேன் என்று ஒத்துக்கொண்டார். நான் நேரே கரைக்கு ஓடி நண்டு வாங்கினேன். அண்ணைக்கு நண்டென்றால் உயிர். சின்ன வயதில் எங்கள் பங்கையும் பறித்துக் கடித்து உறிஞ்சுகிறவர். அடுப்படியில் நின்று வெந்து, முருங்கையிலை போட்டு, அம்மா வைக்கிற மாதிரியே வைத்தேன்.

வந்தார். அம்மாவின் படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். டினேஸ் அறைக்குள்ளிருந்து வந்து, வாங்கோ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மூலையில் இருந்துகொண்டான். அண்ணை வலது கையால் சோற்றையும் குழம்பையும் பிசைந்து சாப்பிட்டார். நண்டைத் தொடவில்லை. ஓட்டை உடைக்காமல் தட்டின் ஓரத்தில் அப்படியே ஒதுக்கி வைத்தார். இடது கை மேசைக்குக் கீழேயே கிடந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவ்வளவு கோபமா, நான் சமைத்த நண்டிலும் கோபமா, இல்லை கனடாக்காரருக்கு நண்டு உடைப்பது மரியாதைக் குறைவாகிவிட்டதா? கேட்க வாயைத் திறந்தேன், சுபாஸ் காலால் தட்டினார், மூடிக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து அண்ணை கைகழுவிவிட்டு வர, டினேஸ் எழும்பினான். தன்மேல் பிழையில்லை என்று காட்டாமல் அவனுக்குச் சோறு செமிக்காது.

"வந்தனீங்கள் ஒருக்கா அந்தச் சாமானைப் பாத்திட்டுப் போங்கோ. நான் பொய் சொல்லேல்லை."

அம்பை நடு அறைக்கு இழுத்துவந்தான். ஸ்ரெப் டவுனைச் சுவரில் சொருகி, அம்பை அதில் சொருகினான். கிற்றாரை மாட்டி வாசித்தான். வழக்கம்போல் அதே முனகல். வொலியூமைக் கடைசி மட்டும் திருப்பிக் காட்டினான். பார்த்தியளோ என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். அண்ணை கதிரையில் இருந்து குனிந்து கேட்டார். அவருடைய முகம் கறுத்துப்போயிற்று. தன்னுடைய அம்ப் இப்படி ஆனதே என்று அவருக்கு உண்மையில் நொந்தது. அதைப் பார்க்க எனக்கும் நொந்தது.

பிறகு எழும்பி அம்பின் பின்பக்கம் போனார். வயரைப் பிடித்துக்கொண்டே அது போகிற இடத்தைப் பார்த்தார்.

"உது என்ன பெட்டி?"

ஸ்ரெப் டவுன் என்றான் டினேஸ். கனடாச் சாமானெல்லோ, நேரே குடுத்தால் எரிஞ்சிடும் என்று நானும் சேர்ந்து சொன்னேன், அங்கே இருக்கிறவருக்கு இங்கத்தைக் கரண்டைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பில்.

அண்ணை அந்தக் கறுப்பு ரேப்பை வலது கை நகத்தால் கிளப்பி உரித்தார். உள்ளே ஒரு சின்னச் சிவப்புச் சுவிச். அதில் 230 என்று இருந்தது.

"இஞ்சத்தைக் கரண்டுக்கு மாத்தித்தானே அனுப்பினனான்" என்றார். "ஆரும் தெரியாமல் தட்டிப்போடுவினம் எண்டுதான் ரேப் ஒட்டினனான்."

பாதிக் கரண்டைக் கொடுத்துவிட்டு, சத்தம் போதாது, போதாது என்று இத்தனை நாளும் அதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்திருக்கிறோம். அம்புக்குள் இருந்த எல்லாவற்றையும் சோதித்தோம். நாங்கள் கொண்டுபோய் அதன் வாயில் வைத்த பெட்டியை மட்டும் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் கனடாச் சாமானுக்கு அது இல்லாமல் ஏலாது என்பது எங்களுக்கு வேதவாக்கு.

நேரே சொருகு என்றார் அண்ணை. டினேஸ் வயரைக் கழற்றி என்னிடம் நீட்டினான். நான் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன், றொசாந்தியின் கோப்பி மெஷின் என் கண்ணுக்குள் நின்றது. கடைசியில் அண்ணைதான் சொருகினார். வெடிக்கவில்லை. பின்னால் வால்வுகள் மெல்ல மெல்லச் சிவந்து, நல்ல செம்மஞ்சளாக எரியத் தொடங்கின. அவ்வளவு நாளும் அவை அப்படி எரிந்ததை நாங்கள் கண்டதேயில்லை. டினேஸ் ஒரு தந்தியைத் தட்டினான். வொலியூம் கடைசி மட்டும் திருப்பியபடி இருந்ததை மறந்துபோனான்.

ஐயோ, அந்தச் சத்தம்! அலுமாரிக் கண்ணாடி கிலுங்கியது. முற்றத்தில் நின்ற கோழிகள் மதிலேறின. என்னடி வெடிச்சது என்று றொசாந்தி வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். நான் சிரித்தேன். சுபாஸ் சிரித்தார். என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. இனியென்ன, இரண்டு பேரும் கதைத்துவிடுவார்கள், அண்ணை இங்கேயே தங்குவார் என்று நினைத்தேன்.

டினேசுக்கு முகம் தூக்க முடியவில்லை. வெட்கத்தை மறைக்க அவன் ஒரு வேலை செய்தான். கிற்றாரைத் தோளிலிருந்து கழற்றி அண்ணையிடம் நீட்டினான். உங்கடை அம்ப், நீங்கள்தான் முதலில் வாசிக்கவேண்டும் என்றான். அண்ணை வேண்டாம் என்றார். அவன் விடவில்லை. இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணையைக் கதிரையில் இருத்தி, கிற்றாரை அவருடைய மடியில் வைத்தே விட்டான்.

"கோவத்தை விடுங்கோ அண்ணை. ஒரு துண்டு வாசியுங்கோ."

அண்ணை இடது கையை எடுத்துக் கிற்றாரின் கழுத்தில் வைத்தார். சட்டைக் கை மேலே ஏறியது. பெருவிரல் மட்டும் போய்ப் பிடித்தது. மற்ற விரல்கள் விறைத்து நின்றன. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தையல் போட்ட வடு. மடக்கப் பார்த்தார், ஒரு விரலும் தந்தியில் அமரவில்லை. வலது கையால் ஒரு தரம் தட்டினார். வெறும் தந்திகள் வீடு முழுக்க அதிர்ந்து அடங்கின.

வேலை செய்த, பாண் சுடுகிற பக்ரறியில் மா உருட்டுகிற உருளைக்குள் கை போய்விட்டதாம். அது நடந்து இரண்டு வருசமாம். வெட்டித் தைத்தும் நரம்பு வரவில்லையாம். எங்களுக்குச் சொல்லி என்ன, நாங்கள் இங்கிருந்து அழத்தானே போகிறோம் என்று சொல்லவில்லையாம். வீடியோவில் தோளுக்குக் கீழே தெரியாத மாதிரி இருந்து கதைத்திருக்கிறார். நண்டு ஏன் தட்டில் கிடந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வாயை நானே அடிக்கவேண்டும் போல இருந்தது.

அண்ணை டினேசை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமில்லை.

"வாசிக்கேலுமெண்டால் நான் உந்த அம்பை அனுப்பியிருப்பனே, டினேஸ்?"

டினேஸ் கிற்றாரை மடியிலிருந்து எடுத்தான். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்தச் சொல் வாயில் வராது. அதற்குப் பதிலாகக் கையை நீட்டினான்.

"ஹோட்டல் திறப்பைத் தாங்கோ, அண்ணை. உங்கடை உடுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாறன்."

அண்ணை சட்டைப் பையிலிருந்து அறைத் திறப்பை எடுத்துக் கொடுத்தார். அவன் திரும்ப, கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிறகு ரெண்டு பேருமாய்ப் போவம். இப்ப வாசி. நான் கேக்கத்தான் வந்தனான்."

டினேஸ் வாசித்தான். கோயில் பாட்டுத்தான், நாங்கள் எல்லாரும் சின்ன வயதிலிருந்து பாடுகிற பாட்டு. பாதியில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அது தெரியக்கூடாதென்றோ என்னவோ வொலியூமைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனான். குறைக்காதை என்றார் அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடது கையை இப்போது ஒளிக்கவில்லை, மடியில் எல்லாருக்கும் தெரிய வைத்திருந்தார். டினேஸ் வாசிக்க வாசிக்க, மடங்காத அந்த விரல்கள் ஒவ்வொரு இடத்துக்கும் போகப் பார்த்தன. நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.